பாரிஸ் சுரங்கத்திலிருந்து பாகூர் வைக்கோல் வரை: காளான் வித்தின் கதை

எங்கள் புதுச்சேரிப் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக் கொட்டை என்ற சொல்தான் வாயில் உருண்டு மல்லாட்டை ஆயிற்று. அந்தக் கடலையின் பூர்வீகம் தென் அமெரிக்கா. ஆனாலும் மணிலாவின் பெயர்தான் ஒட்டிக்கொண்டது. மொட்டுக் காளான் கதையும் இப்படித்தான். பிரெஞ்சுக்காரர் அதை 'ஷாம்பிஞோன் தெ பாரி', அதாவது பாரிஸ் காளான் என்பார்கள். இன்று உலகில் மிக அதிகமாகக் காளான் விளைவிக்கும் நாடு சீனா. ஐரோப்பாவில் போலந்தும் ஹாலந்தும் முன்னால் நிற்கின்றன. பாரிஸைச் சுற்றி விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் இன்னும் பயிரிடுகிறார்கள். பெயர் மட்டும் பாரிஸில் நின்றுவிட்டது.

பள்ளியில் நாங்கள் பிரெஞ்சில் படித்தவர்கள். பதினான்காம் லூயி மன்னரின் வெர்சாய் அரண்மனையைப் பற்றிப் பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டிருக்கிறோம். அரண்மனைக்குக் கண்ணாடி மண்டபம் இருந்ததைச் சொன்ன ஆசிரியர், காய்கறித் தோட்டம் இருந்ததைச் சொல்லவில்லை. அந்தத் தோட்டத்தை அமைத்தவர் லா கேந்தினி என்பவர். 1678-இல் வேலை தொடங்கி ஐந்தாண்டில் முடிந்தது. ராஜாவின் மேஜைக்காக அவர் வளர்த்தவற்றில் காளானும் ஒன்று.

அவருக்கு முன்பே 1600-இல் ஒலிவியே தெ செர் எழுதிய பெரிய வேளாண்மை நூல் வந்துவிட்டது. நாளடைவில் பாரிஸைச் சுற்றியிருந்த தோட்டக்காரர்கள் குதிரைச் சாணத்தை மேடாகப் போட்டு அதன் சூட்டில் முலாம்பழம் விளைவித்தார்கள். அந்தச் சாண மேட்டில் காளான் தானாகவே முளைப்பதைக் கண்டு, பிறகு அதற்கென்றே மேடு போடலானார்கள். 1707-இல் தூர்ன்ஃபோர் என்ற தாவர அறிஞர், இந்த முறையை விஞ்ஞானக் கழகத்தில் கட்டுரையாகவே வாசித்தார். மக்கிய சாணத்துக்குள் வெள்ளை நூல்போல ஒன்று ஓடுகிறது, காளான் அதிலிருந்துதான் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த வெள்ளை நூலுக்குத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் 'பிளான்', அதாவது வெள்ளை. இந்தக் கட்டுரையின் நாயகன் அதுதான். நாம் சாப்பிடுவது காளானின் பழம் மாதிரி. மரம் எங்கே என்றால், அது சாணத்துக்குள்ளும் வைக்கோலுக்குள்ளும் நூல்நூலாகப் பரவிக் கிடக்கிறது. அந்த நூல் ஓடிய ஒரு கட்டியை எடுத்துப் புது மேட்டில் புதைத்தால் அங்கேயும் பயிர் வரும். அதனால் யாரிடம் நல்ல பிளான் இருந்ததோ அவர்தான் காளான்காரர். மற்றவர்கள் அவர் வாசலில் நிற்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் காளான் போனது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். பாரிஸ் நகரத்துக்கு வீடு கட்டுவதற்காகப் பல நூற்றாண்டுகளாக அடியில் சுண்ணாம்புக்கல் வெட்டியிருந்தார்கள். மேலே ஊர், கீழே பொந்து. 1774-இல் ஒரு தெரு இடிந்து உள்ளே இறங்கியது. அதன் பிறகு 1777-இல் சுரங்கங்களைக் கண்காணிக்கத் தனி அலுவலகமே ஏற்படுத்தினார்கள். முப்பத்தைந்து வருடம் ஃபைல் பார்த்த எனக்கு இந்தச் செய்தியில் ஒரு தனி ருசி. இடிந்த பிறகுதான் அலுவலகம் பிறக்கும் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது.

வெட்டி முடித்த சுரங்கங்களில் சிலவற்றில் இடுகாட்டு எலும்புகளைக் கொண்டுபோய் அடுக்கினார்கள். வேறு சிலவற்றில் காளான்காரர்கள் குடிபுகுந்தார்கள். காளானுக்கு இருட்டுதான் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மொட்டுக் காளானுக்கு வெளிச்சம் தேவையில்லை, அவ்வளவுதான். சுரங்கத்தில் கிடைத்த உண்மையான வசதி, கோடையானாலும் பனியானாலும் மாறாத 14 டிகிரி அளவிலான குளிர்ச்சியும் ஈரமும். மேலே நகரத்தில் வண்டி இழுக்கும் குதிரைகளின் சாணம் குவியும். அது கீழே இறங்கி மேடாகும். மேட்டின் மேல் ஒரு விரல் கனத்துக்குப் பூசும் மேல்மண்ணுக்குக்கூட வெளியே போக வேண்டாம், சுரங்கத்துக் கல்லையே பொடித்துக்கொண்டார்கள். நகரத்தின் கழிவு நகரத்தின் கீழேயே உணவாகி, விடியலில் சந்தைக்கு ஏறியது.

1900-இல் மெட்ரோ ரயில் வந்தது. நகரம் அகன்றது. குதிரை போய் மோட்டார் வந்தது, சாணமும் போயிற்று. காளான்காரர்கள் லுவார் ஆற்றங்கரைச் சோமுர் பக்கத்துக் கல்சுரங்கங்களுக்கு நகர்ந்தார்கள். அதற்குள் வித்தின் கதையிலும் ஒரு பெரிய மாற்றம் நடந்திருந்தது.

பழைய பிளானில் ஒரு தொல்லை. ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு எடுத்துக்கொண்டே போனால் நோயும் பூச்சியும் கூடவே வரும், விளைச்சல் இறங்கும். 1890-களில் கோஸ்தாந்தேன், மாத்ருஷோ என்ற இரு அறிஞர்கள் காளானின் வித்துத் தூளிலிருந்தே, வேறு கிருமி கலக்காமல், தூய வித்து வளர்க்க வழி கண்டார்கள். பஸ்தேர் நிறுவனம் அப்படிப்பட்ட வித்தைத் தயாரித்தது. 1932-இல் அமெரிக்காவில் சிண்டன் என்பவர் வித்தைத் தானியத்தின் மேல் வளர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இன்று நம் ஊரில் வேகவைத்த சோளத்தைக் காலி குளுக்கோஸ் பாட்டிலிலோ பிளாஸ்டிக் பையிலோ அடைத்து, வெள்ளை வெளேரென்று வித்து தயாரிக்கிறார்களே, அதன் பாட்டன் இந்த முறைதான். குடும்ப ரகசியமாக இருந்தது பரிசோதனைச் சாலைக்குப் போய், அங்கிருந்து ஒரு பாட்டிலாக வெளியே வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். காளான் நமக்குப் புதிதல்ல. முதல் மழைக்கும் இடிக்கும் பிறகு கரையான் புற்றருகே புற்றுக்காளான் எழும். பாகூர் ஏரிக்கரைப் பக்கம் பிள்ளைகள் அதிகாலையில் தேடிப் போவார்கள். எல்லா வீட்டு அடுப்பிலும் அதற்கு இடம் இருக்கவில்லை. மனுநூல் பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் விலக்கிவைத்தது. மற்ற வீடுகளில் ஆசாரத்தைவிட அச்சமே பெரிது. அந்த அச்சம் நியாயமானது. வெள்ளிக் காசு கறுக்காவிட்டால் நல்ல காளான், பூண்டு நிறம் மாறாவிட்டால் நல்ல காளான் என்று சொல்லும் சோதனைகள் எல்லாம் பொய். உயிரைக் குடிக்கும் காளானிலும் காசு கறுக்காது. அடையாளம் நிச்சயமாகத் தெரியாத காட்டுக் காளானைத் தொடாமல் இருப்பதே புத்தி. வீட்டில் வளர்ப்பதன் முதல் லாபம் இதுதான்: என்ன விதைத்தோம் என்று தெரியும்.

வைக்கோல் காளானை 1940-களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் தாமஸும் அவரோடு பணியாற்றியவர்களும் பயிரிட்டுக் காட்டினார்கள். மொட்டுக் காளான் 1961 வாக்கில் இமாச்சலத்துச் சோலனில் காலூன்றியது. அது குளிர்ப் பிரதேசப் பயிர். நம் போன்றவர்களுக்கு வழி திறந்தது 1962-இல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில். பானோ, ஸ்ரீவஸ்தவா இருவரும் சிப்பிக் காளானை நெல் வைக்கோலில் வளர்த்தார்கள். குதிரைச் சாணம் வேண்டாம், மக்கிய எரு வேண்டாம், வெறும் வைக்கோல். பிறகு வங்காளத்தில் கண்டெடுத்து 1974-இல் விவரிக்கப்பட்ட பால் காளானை, நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் 1990-களின் இறுதியில் ஏ.பி.கே. 2 என்ற ரகமாக வெளியிட்டது. 30 டிகிரிக்கு மேற்பட்ட வெக்கையையும் தாங்கும் காளான் அது. சித்திரை வெயிலுக்கு ஏற்ற காளான் நமக்குக் கிடைத்தது அப்போதுதான்.

வீட்டில் செய்வது இப்படி. வைக்கோலை இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, சில மணி நேரம் ஊறவைத்து, பிறகு கொதிநீரில் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். நெல் அவிக்கும் அண்டா இருந்தால் போதும். எடுத்து நிழலில் உலர்த்தினால், கையில் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, ஆனால் ஈரம் தெரிய வேண்டும். அதுதான் பதம். பாலித்தீன் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஓரத்தில் ஒரு பிடி வித்து, மறுபடி வைக்கோல் என்று அடுக்கிக் கட்டி, சில துளைகள் போட்டு, கூரைக் கொட்டகையில் தொங்கவிட வேண்டும். பதினைந்து, இருபது நாளில் பை முழுக்க வெள்ளை பரவும். பிறகு பையைக் கிழித்துத் தினம் தண்ணீர் தெளித்தால் மூன்று நான்கு நாளில் முதல் அறுப்பு. ஒரே பையில் மூன்று தடவை அறுக்கலாம். சிப்பிக் காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளுமுன் பறித்துவிட வேண்டும். முற்றவிட்டால் தூள் பறந்து இருமல் வரும். நம் வயதுக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம். பால் காளானுக்கு மட்டும் வித்து பரவிய பிறகு மேல்மண் போட வேண்டும், பாரிஸ் சுரங்கத்தில் போட்ட மாதிரியே.

என் தங்கை மகள் கணவனை இழந்து இரண்டு பிள்ளைகளோடு பாகூருக்கே திரும்பி வந்தவள். ஒருவர் வந்து, "நாங்கள் வித்து தருகிறோம், விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று பேசினார். முன்பணம் வாங்கினார். தாலியில் இருந்த பொன்னை விற்றுக் கட்டினாள். காளான் நன்றாகவே வந்தது. வாங்குகிறவர்தான் வரவில்லை, தொலைபேசியும் எடுக்கவில்லை. சிப்பிக் காளான் ஒரு நாள் தாங்கும் பொருள். முதல் நாள் அறுத்ததைத் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள். இரண்டாம் நாள் மொட்டைமாடியில் காயவைத்தாள். மூன்றாம் நாள் காலையில் கூடையோடு பேருந்து ஏறினாள்.

"மாமா, கொடுத்தது போயிற்று. கொட்டகை இருக்கிறது, வைக்கோல் இருக்கிறது, கை பழகிவிட்டது. வித்து எங்கே கிடைக்கும், அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு அழைத்துப்போனேன். இப்போது அவள் பத்துப் பதினைந்து பைக்கு மேல் வைப்பதில்லை. தெருவில் மாதக் கணக்கு வைத்திருக்கும் வீடுகளுக்கும் இரண்டு கடைகளுக்கும் எவ்வளவு போகுமோ, அவ்வளவுதான் விளைவிக்கிறாள். கோடையில் பால் காளான், மூன்று நான்கு நாள் கெடாமல் இருக்கும். அறுத்து முடிந்த வைக்கோல் எருக்குழிக்குப் போகிறது. அந்த எரு வாழைக்கும் முருங்கைக்கும். கொல்லையில் எதுவும் வீணாவதில்லை.

அவள் கதையையும் பாரிஸ் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முந்நூறு வருடமாகக் காளான் விவசாயத்தில் கேள்வி ஒன்றுதான்: வித்து யார் கையில்? வித்தும் சந்தையும் ஒரே ஆளின் கையில் போனால், நடுவில் நிற்பவர் கூலிகூடக் கிடைக்காத கூலியாள். விஞ்ஞானிகள் ரகசியத்தை உடைத்துப் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தது, அவள் போன்றவர்கள் யார் வாசலிலும் நிற்காமல் பிழைக்கத்தான்.

ஆகவே வீட்டில் தொடங்க நினைக்கும் மகளுக்கோ மருமகளுக்கோ இதைச் சொல்லுங்கள். முதலில் இரண்டு பை போடட்டும், அதைச் சொந்த அடுப்பில் சமைக்கட்டும். வித்தை வேளாண் நிலையத்திலோ விசாரித்துத் தெரிந்த இடத்திலோ ரொக்கத்துக்கு வாங்கட்டும். வாங்குகிறவர் யார் என்று தெரு பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு மூன்றாவது பையைக் கட்டட்டும். "நானே வாங்கிக்கொள்கிறேன்" என்று யாராவது முன்பணம் கேட்டால், ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவிடலாம்.