பாண்டி பஜார் நடைபாதை வளாகம்

பாண்டி பஜார் நடைபாதை வளாகம் என்பது சென்னை தியாகராய நகரில், சர் தியாகராயா சாலையில், நடப்பவர்களை முன்வைத்துத் திருத்தி அமைக்கப்பட்ட கடைத்தெரு. பனகல் பூங்காவில் தொடங்கி அண்ணா சாலையை நோக்கி ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் நீள்கிறது. ஸ்மார்ட் சிட்டி எனப்படும் சீர்மிகு நகரத் திட்டத்தில் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் சென்னை மாநகராட்சி இதை அமைத்தது. அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி கே. பழனிசாமி 2019 நவம்பர் 13 அன்று திறந்து வைத்தார்.

மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான குடியிருப்பு தியாகராய நகர், சுருக்கமாகத் தி. நகர். நகருக்கும் சாலைக்கும் நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர். அதே கட்சியின் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரில் கடைவீதி 'சௌந்தரபாண்டியன் அங்காடி' ஆனது. பேச்சுவழக்கில் உள்ள 'பாண்டி' அவரைக் குறிக்கிறது என்பார்கள். புதுச்சேரிக்காரர்கள் கடை போட்ட இடம் என்பதால் வந்தது என்பாரும் உண்டு. எதுவானாலும், ஆட்டோக்காரரிடம் பாண்டி பஜார் என்று சொன்னால் போதும்.

புடவை, நகை, பாத்திரம் என்று வாங்க வருபவர்களால் தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் தி. நகர் பிதுங்கும். பேருந்திலும் மின்சார ரயிலிலும் வந்து இறங்குகிறவர்கள் எல்லோரும் கடைசியில் நடந்துதான் ஆகவேண்டும். ஆனால் பிளாட்பாரம் என்று இருந்ததில் பாதி கடைகளுக்கு, மீதி பைக்குகளுக்கு. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துப் பணிகளுக்கான நிதியில் 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் என்றது அக்கொள்கை. பாண்டி பஜார் அதன் காட்சிக்கூடம் எனலாம். நிரந்தர வேலைக்கு முன் தடுப்புகளை வைத்துத் தெருவைத் தற்காலிகமாக மறித்துச் சோதனை பார்த்தார்கள். வழக்கமாக வண்டி ஓடும் நடுரோட்டில் அன்று குழந்தைகள் ஓடின.

வளாகம் என்ற பெயரைக் கேட்டு வண்டிகளுக்கு இடமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. வண்டிப் பாதையைக் குறுக்கினார்களே தவிர எடுத்துவிடவில்லை. ஓரத்தில் கார் நின்ற இடம் நடைபாதைக்குப் போயிற்று. ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் வேண்டும். அந்த இடத்தில் இரண்டு கல் இருக்கைகள் போட்டு, எட்டுப் பேர் உட்கார்ந்த பிறகும் தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒருவர் கடந்து போகலாம்.

நடைபாதை எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு உயரம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸின் நடைபாதை வழிகாட்டி (2012) விளிம்புக்கல் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அது ஒரு சாண்கூட இல்லை. சென்னையின் பழைய பிளாட்பாரங்கள் பல முழங்காலைத் தொடும். மூட்டுவலிக்காரர் ஏறி இறங்குவதைவிட ரோட்டிலேயே நடப்பதைத் தேர்ந்துகொள்வார். கடை வாசலுக்குக் கார் திரும்பும் இடங்களில் நடைபாதை கீழே இறங்கக் கூடாது, கார்தான் மேலே ஏறிக் கடக்க வேண்டும் என்பதும் இந்த வகை வடிவமைப்பின் பாலபாடம்.

பைக் ஏறாமல் தடுக்க நடும் குட்டைத் தூண்களில் ஒரு சங்கடம் இருக்கிறது. சக்கர நாற்காலியின் அகலமும் ஸ்கூட்டர் கைப்பிடியின் அகலமும் ஏறக்குறைய ஒன்றே. நாற்காலி நுழையும் இடைவெளி விட்டால் ஸ்கூட்டரும் நுழைந்துவிடும். ஸ்கூட்டரைத் தடுத்தால் நாற்காலி வெளியே நிற்கும். தூணை நம்பிப் பயனில்லை, அங்கே ஆள் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். வரைபடத்தில் இந்தச் செலவுக்குக் கோடு கிடையாது.

வாசலில் கார் நிற்காவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பது வணிகர்களின் அச்சம். அதற்கு விடையாகக் கட்டப்பட்டது அருகிலுள்ள பல அடுக்கு வாகன நிறுத்தம். 222 கார்களும் 513 இருசக்கர வாகனங்களும் கொள்ளும்.

நடைபாதை வியாபாரிகளின் கதை வேறு. வளாகத்துக்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 2013-இலேயே, அவர்களைப் பல மாடிக் கட்டடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். ஹேர் கிளிப்பும் கைக்குட்டையும் போகிற போக்கில் வாங்கும் பொருள்கள். அதற்காக மாடி ஏறுவார் குறைவு. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், விற்பனைக்கு இடம் குறித்துக்கொடுக்கும் பொறுப்பை நகர விற்பனைக் குழுக்களைக் கலந்து நிறைவேற்றச் சொல்கிறது. இருக்கைக்கும் மரத்துக்கும் குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கும் இடம் பார்த்த அளவுக்குப் பூக்கூடைக்கு இடம் பார்க்கவில்லை என்பதே இந்தத் தெருவின் பெரிய குறை. ஒதுக்காவிட்டாலும் பூக்கூடை வந்து உட்காரத்தான் செய்கிறது. ஒதுக்காத இடத்தில் உட்காருகிறது, அவ்வளவுதான்.

2021 நவம்பர் மழையில் தி. நகர் தெருக்கள் வெள்ளக்காடாயின. சீர்மிகு நகரப் பணிகள் கடும் விமர்சனத்துக்கு ஆளாயின; அரசு விசாரணைக்கும் உத்தரவிட்டது. ஏரியாக இருந்த இடத்தில் மேலே போடும் கல்லைவிடக் கீழே ஓடும் வடிகால் முக்கியம்; இப்பகுதி மழைநீர் வடியும் மாம்பலம் கால்வாய் அடைபட்டால் புதுத் தளமும் பழைய தளமும் ஒன்றுபோல மூழ்கும்.

மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி. நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே 16 அன்று திறக்கப்பட்டது. ரயில் நிலையத்தை ஒட்டிய ரங்கநாதன் தெரு நெரிசலுக்குள் இறங்காமல் மேலாகவே கடந்துவிட அது உதவுகிறது. ஆனால் அங்கே நடப்பவரை மேலே ஏற்றினார்கள், தெரு அப்படியே இருக்கிறது. பாண்டி பஜாரில் தெருவையே மாற்றினார்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவிலும் ஒரு சுரங்க நிலையம் வருகிறது. அதன் படிகளில் ஏறி வெளியே வருபவர்கள் இந்த நடைபாதையின் மேற்கு முனைக்கு அருகில்தான் வந்து சேருவார்கள்.