பின்னிணைப்பில் கிடந்த விடை

சென்ற இதழில் கால்டனும் பியர்சனும் இரண்டு எண்வரிசைகளுக்கு இடையிலான உறவை ஒரே எண்ணில் அடக்கிய கதையைப் பார்த்தோம். அந்தக் கருவி பொருளாதார வல்லுநர்களின் கைக்கு வந்ததும் என்ன ஆனது என்பதற்கு ஹென்றி லட்வெல் மூர் நல்ல சாட்சி.

மூர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். வியாபாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு மழைதான் மூல காரணம் என்பது அவர் கட்சி. ஓஹயோ பள்ளத்தாக்கின் மழைக் கணக்கில் 8 ஆண்டுச் சுழல் ஒன்றும் 33 ஆண்டுச் சுழல் ஒன்றும் இருப்பதாக 1914-இல் வெளிவந்த புத்தகத்தில் எழுதினார். அதோடு நின்றிருக்கலாம். 1923-இல் இன்னொரு புத்தகம் போட்டு, எட்டாண்டுச் சுழலுக்கு வெள்ளிக் கிரகம் காரணம் என்றார். அதாவது சுக்கிரன். சக பேராசிரியர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம்.

ஆனால் மூரைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. தேவை வளைகோடு என்பது அதுவரை கரும்பலகையில் வரையும் கோடு. அதை நிஜமான விலைகளிலிருந்தும் நிஜமான விற்பனைக் கணக்கிலிருந்தும் வரையலாம் என்று இறங்கிய முன்னோடிகளில் அவர் ஒருவர். மக்காச்சோளம், ஓட்ஸ், உருளைக்கிழங்கு என்று வரிசையாகக் கணக்குப் போட்டார். விலை ஏறினால் வாங்குவது குறைகிறது என்று எல்லாம் ஒழுங்காகவே வந்தது. வார்ப்பிரும்புக்கு வந்தபோதுதான் கோடு மேல்நோக்கி ஏறியது. விலை ஏற ஏற அதிகம் வாங்குகிறார்களாம்! மூர் தயங்கவில்லை. இது ஒரு புதுவகைத் தேவை விதி என்று அறிவித்துவிட்டார்.

மறு ஆண்டே, 1915-இல், இந்தக் கணக்குகள் இருந்த 1914 புத்தகத்துக்கு ஒரு மதிப்புரை வந்தது. எழுதியவர் ஃபிலிப் கிரீன் ரைட். அவர் சொன்னதன் சாரம்: நீங்கள் வரைந்தது தேவைக் கோடே அல்ல.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தத் துறை முழுவதும் இந்த ஒரு முடிச்சைச் சுற்றித்தான் வளர்ந்தது. ஒவ்வோர் ஆண்டும் சந்தை நமக்குக் கொடுப்பது இரண்டே எண்கள்: விலை என்ன, விற்றது எவ்வளவு. வாங்குவோரின் கோடும் விற்போரின் கோடும் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளி அது. அடுத்த ஆண்டு வேறொரு புள்ளி கிடைக்கிறது. இடையில் நகர்ந்தது யாருடைய கோடு? உருளைக்கிழங்கில் வாங்குவோர் ஏறக்குறைய அப்படியே இருக்கிறார்கள். மழையும் பூச்சியும் விளைச்சலைப் புரட்டிப் போடுகின்றன. விற்போர் கோடு மட்டும் முன்னும் பின்னும் நகர்வதால், வெட்டும் புள்ளிகள் எல்லாம் வாங்குவோர் கோட்டின் மேலேயே விழுகின்றன. இரும்பில் நிலைமை தலைகீழ். ஆலைகள் அதே ஆலைகள். ரயில் பாதையும் கட்டடமும் பெருகும் காலத்தில் வாங்குவோர் குவிகிறார்கள், மந்தம் வந்தால் மறைகிறார்கள். நகர்வது தேவை. அதனால் புள்ளிகள் தேடித் தருவது விற்போரின் அளிப்புக் கோட்டை. அது மேல்நோக்கித்தான் ஏறும். இரண்டு கோடுகளும் சேர்ந்து நகர்ந்தாலோ, கிடைப்பது இரண்டுமல்லாத ஏதோ ஒரு கோடு. எத்தனை ஆண்டுக் கணக்கைச் சேர்த்தாலும் இந்தக் குழப்பம் தீராது. 1927-இல் எல்மர் வொர்க்கிங் எழுதிய கட்டுரை இதைப் படம் போட்டு எல்லோருக்கும் புரியவைத்தது. பாடப்புத்தகங்களில் அந்தப் பெருமை பெரும்பாலும் அவருக்கே போகிறது.

ரைட் யார்? இலினாய் மாநிலத்தின் கேல்ஸ்பர்க் ஊரில் லொம்பார்ட் கல்லூரி என்ற சிறு கல்லூரியில் இருபது ஆண்டுகள் வாத்தியார் வேலை பார்த்தவர். கணிதம், வானியல், பொருளாதாரம், ஆங்கிலம் என்று எல்லாமே அவர் தலையில். கவிதை எழுதுவார். வீட்டின் நிலவறையில் ஓர் அச்சு இயந்திரம் வைத்திருந்தார். அவரிடம் படித்த கார்ல் சாண்ட்பர்க்கின் முதல் கவிதைத் தொகுதி 1904-இல் அந்த இயந்திரத்தில்தான் அச்சானது. அமெரிக்கக் கவிதையின் பெரிய பெயர்களில் ஒன்றாகச் சாண்ட்பர்க் ஆனது பிறகு. ரைட்டின் பிள்ளைகள் மூவர். மூத்தவர் சீவல், மரபியல் மேதை. குவின்சி சர்வதேசச் சட்டத்தில் பெயர் பெற்றார். தியோடர் விமானப் பொறியாளர். அதுவரை உற்பத்தியான விமானங்களின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் ஒரு விமானத்துக்கு ஆகும் செலவு ஏறத்தாழ ஒரே விகிதத்தில் குறைகிறது என்று 1936-இல் காட்டியவர். ஒரே வீட்டில் இத்தனை பேரா என்று பொறாமை வரத்தான் செய்கிறது.

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு ரைட் ஹார்வர்டுக்குப் போனார். அங்கிருந்து, பேராசிரியர் டாசிக் தலைமையில் 1917-இல் தொடங்கிய அமெரிக்கச் சுங்கவரி ஆணையத்துக்கு. 1928-இல் விலங்கு, தாவர எண்ணெய்கள் மீதான இறக்குமதி வரியைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வரிக்கு எதிரான வாதம் நிறைந்த அந்தப் புத்தகத்தைக் கடைசி வரை புரட்டுபவர்கள் இரண்டாவது பின்னிணைப்பில் திடுக்கிட்டிருக்க வேண்டும். அதில் மூர் விழுந்த குழியிலிருந்து ஏறிவரும் வழி இருந்தது.

வரிக் கணக்குக்கு இரண்டு கோடுகளும் தேவை. வரியின் சுமையில் எவ்வளவு வாங்குபவர் தலையில் விழும், எவ்வளவு விற்பவர் தலையில் என்பது இரு தரப்பின் நெகிழ்ச்சியை, அதாவது விலை மாறினால் அவரவர் அளவு எவ்வளவு மாறும் என்பதைப் பொறுத்தது. ரைட் வெண்ணெயையும் ஆளி விதையையும் எடுத்துக்கொண்டார். ஆளி விதை எண்ணெய் அப்போது பெயின்ட் தொழிலின் உயிர்நாடி. விலையையும் விற்பனையையும் மட்டும் வெறித்துப் பார்த்துப் பயனில்லை. ஒரு கோட்டை மட்டும் அசைத்து மற்றதைத் தொடாமல் விடும் மூன்றாவது ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதே அவர் யோசனை. ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பது அப்படி ஒன்று. வயலில் மழை பொய்த்தது என்பதற்காக நகரத்தில் யாருக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும் ஆசை கூடவும் போவதில்லை, குறையவும் போவதில்லை. எனவே விளைச்சலின் ஏற்ற இறக்கத்தோடு விற்பனை எவ்வளவு ஆடுகிறது, விலை எவ்வளவு ஆடுகிறது என்று தனித்தனியே பார்த்து, முன்னதைப் பின்னதால் வகுத்தால் தேவைக் கோட்டின் சாய்வு கிடைத்துவிடும். அளிப்புக் கோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒன்று வேண்டும்: மாற்றுப் பொருளான பருத்தி விதையின் விலை. ஆளி விதை விலை 1 சதவீதம் ஏறினால் தேவை சுமார் 0.8 சதவீதம் குறையும், அளிப்பு சுமார் 2.4 சதவீதம் கூடும் என்று விடை வந்தது.

இன்று இதைக் கருவி மாறி முறை என்கிறார்கள். பொருளாதார அளவையியல் படிக்கும் எந்த மாணவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

பின்னிணைப்பின் நடை புத்தகத்தின் மற்றப் பகுதியோடு ஒட்டவில்லை. அதில் ஒரு வழிமுறை, மகன் சீவல் கினிப்பன்றிகளின் நிறத்தையும் மரபையும் ஆராய்வதற்காக உருவாக்கிய பாதைக் கெழு முறை. அதனால் எழுதியவர் மகனாக இருக்குமோ என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2003-இல் ஜேம்ஸ் ஸ்டாக், பிரான்செஸ்கோ டிரெப்பி என்ற இருவர் துப்பறியும் வேலையில் இறங்கினார்கள். தந்தையும் மகனும் தனித்தனியே எழுதியவற்றை எடுத்து, சின்னச் சின்ன இணைப்புச் சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் யார் எத்தனை தடவை பயன்படுத்துகிறார் என்று எண்ணினார்கள். எழுதியது தந்தை என்று முடிவு வந்தது. பிற்பாடு தந்தைக்கும் மகனுக்கும் இடையே 1926-இல் நடந்த கடிதப் போக்குவரத்தும் கிடைத்தது. யோசனை இருவர் பேச்சிலும் வளர்ந்திருக்கிறது.

ரைட் 1934-இல் இறந்தார். பின்னிணைப்பைப் பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. எண்ணெய் வரியைப் பற்றிய புத்தகத்தின் கடைசியில் புதிய புள்ளியியல் முறையை யார் தேடுவார்கள்? விசித்திரம் இனிமேல்தான். 1939-இல் பொருளாதார ஆய்வுக்கான கௌல்ஸ் ஆணையம் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குக் குடிபெயர்ந்தது. நார்வேக்காரர் டிரிக்வே ஹாவெல்மோ 1943, 1944-இல் எழுதியவற்றை அடித்தளமாக்கி, ஒன்றையொன்று தீர்மானிக்கும் பல சமன்பாடுகளை எண்களிலிருந்து எப்படிப் பிரித்தெடுப்பது என்று அங்கே மூளையைக் கசக்கினார்கள். அதே வளாகத்தில்தான் சீவல் ரைட் விலங்கியல் பேராசிரியராக இருந்தார்! கருவி மாறி என்ற பெயரும் முறையும் 1940-களில் இன்னொரு நார்வேக்காரரான ஒலாவ் ரெய்யர்சோல் வழியாகப் புதிதாகவே பிறந்தன. ரைட்டுகளின் பங்கை 1970-களில் பொருளாதார உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆர்தர் கோல்ட்பெர்கர். ஹாவெல்மோவுக்கு 1989-இல் நோபல் கிடைத்தது. அது அவருக்கு உரியதுதான்.

முறை கைக்கு வந்தபின் உண்மையான சிக்கல் வெளிப்பட்டது. வெளியிலிருந்து கொண்டுவரும் மாறி ஒரு கோட்டை மட்டும்தான் அசைக்கிறது என்பதைப் பொதுவாகக் கணக்குப் போட்டு நிரூபிக்க முடியாது. களத்தை அறிந்து, வாதாடித்தான் நிலைநாட்ட வேண்டும். வியட்நாம் போருக்கு ஆள் எடுக்க அமெரிக்கா 1969 டிசம்பரில் பிறந்த தேதிகளைக் குலுக்கிப் போட்டது. ராணுவ சேவை ஒருவரின் பிற்காலச் சம்பாத்தியத்தை என்ன செய்கிறது என்று கேட்க, ஜோஷுவா ஆங்ரிஸ்ட் 1990-இல் அந்தக் குலுக்கல் எண்களையே கருவியாக்கினார். குலுக்கலில் வந்த எண்ணுக்கும் ஒருவரின் திறமைக்கும் சம்பந்தமில்லை என்பதால் வாதம் உறுதியாக நின்றது. போருக்குப் போய்வந்த வெள்ளையர்கள் 1980-களின் தொடக்கத்தில் சுமார் 15 சதவீதம் குறைவாகச் சம்பாதித்தார்கள்.

எல்லா முயற்சியும் இப்படி அமையவில்லை. 1991-இல் அதே ஆங்ரிஸ்டும் ஆலன் க்ரூகரும் பிறந்த காலாண்டைக் கருவியாக்கினார்கள். பள்ளியை விட்டு நிற்க அனுமதிக்கும் வயது சட்டப்படி ஒன்றே என்பதால், சற்று மூத்த வயதில் பள்ளியில் சேரும், ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவர்கள் சற்றே குறைவாகப் படித்துவிட்டு வெளியேற முடிந்தது. படிப்பு சம்பளத்தை எவ்வளவு உயர்த்துகிறது என்பதை அதிலிருந்து கண்டார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தகவல், வாதமும் அழகு. 1995-இல் பவுண்ட், ஜேகர், பேக்கர் மூவரும் அந்தப் பிறந்த காலாண்டுகளை எறிந்துவிட்டு, கணினி தற்செயலாக அள்ளிப்போட்ட பொய்யான காலாண்டுகளை வைத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ அதே விடை, நம்பத்தக்கதுபோல் தோன்றும் துல்லியத்தோடு வந்தது. பிறந்த காலாண்டு படிப்பை அசைத்தது மிக மெல்ல. அவ்வளவு மெலிந்த கருவி எத்தனை லட்சம் பேரைச் சேர்த்தாலும் விடையைக் கருவியே இல்லாமல் போட்ட கணக்கின் பிழைப் பக்கமே இழுத்துவிடும். கருவி பலவீனமானதா என்று சோதிக்காமல் இன்று நல்ல ஆய்விதழ்கள் பொதுவாக இந்த வகைக் கட்டுரையை ஏற்பதில்லை.

ஒரு நாட்டின் பொருளாதாரம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதிய டின்பெர்கனையும், அதைப் படித்துவிட்டு 1939-இல் வரிந்துகட்டிக்கொண்டு வந்த கீன்ஸையும் அடுத்த இதழில் சந்திப்போம்.