அறுபத்து நாலு வருஷம் காத்திருந்த பட்டம்

பொருளாதாரம் படிக்கப் போகிறவனுக்கு ஜெர்மன் பாஷை எதற்கு என்று இன்று கேட்கத் தோன்றும். 1880-களில் அமெரிக்காவில் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த சாஸ்திரத்தில் கரை காண விரும்பிய வாலிபர்கள் அப்போது ஜெர்மனிக்குத்தான் கப்பலேறினார்கள். பேராசிரியர் சொல்வது புரிய வேண்டுமானால், முதலில் அவருடைய பாஷை புரிய வேண்டும் அல்லவா?

அப்படிப் போனவர்களில் ஒருவர் டபிள்யூ. ஈ. பி. டூ பாய்ஸ். கறுப்பர். அமெரிக்காவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்றாம் வருஷம், 1868-ல் பிறந்தவர். ஃபிஸ்க் கல்லூரியிலேயே ஜெர்மன் படித்திருந்தார். பிறகு ஹார்வர்டில் படித்தார். பெர்லின் போகப் பணம்தான் இல்லை.

கறுப்பர் கல்விக்காக ஏற்பட்ட ஸ்லேட்டர் நிதிக்கு அப்போது தலைவர் முன்னாள் ஜனாதிபதி ஹேய்ஸ். ஐரோப்பாவுக்கு அனுப்பத் தக்க கறுப்பர் இதுவரை அகப்படவில்லை என்று அவர் பேசியதாகப் பத்திரிகையில் வந்தது. டூ பாய்ஸ் சும்மா இருக்கவில்லை; எழுதி எழுதிக் கேட்டார். கடைசியில் 750 டாலர் கிடைத்தது. அதிலும் பாதிதான் நன்கொடை, மறுபாதி கடன்!

1892-ல், சர்வகலாசாலை திறக்குமுன், பேச்சு ஜெர்மன் பழக ஐசனாக் என்ற ஊரில் ஒரு குடும்பத்தோடு தங்கினார். லூதர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்த வார்ட்பர்க் கோட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. அங்கே அவருக்குப் பாஷை மட்டுமா கிடைத்தது? வெள்ளைக்காரர் வீட்டில் சரிசமமாக உட்கார்ந்து சாப்பிட்டார், பேசினார், சிரித்தார். தம்மை வெறும் மனிதனாகப் பார்க்கிறவர்களும் உலகில் உண்டு என்று கண்டுகொண்டார்.

ஆனால், அன்பு புரிகிற பாஷையில் அவமானமும் புரியத்தானே செய்யும்? பெர்லினில் டிரைட்ஷ்கே என்ற சரித்திரப் பேராசிரியர், கலப்பினத்தார் தாழ்ந்தவர்கள் என்று வகுப்பிலேயே முழங்கினார். பெஞ்சில் உட்கார்ந்து டூ பாய்ஸ் அதையும் கேட்டார்.

பொருளாதாரப் பேராசிரியர் ஷ்மோலர் வேறு ரகம். கொள்கை பேசுமுன் விவரங்களைச் சேகரி என்பது அவர் வழி. அவரிடம் டூ பாய்ஸ் அமெரிக்கத் தென்மாநிலங்களின் விவசாயத்தைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். பட்டம் நெருங்கியது. விதிப்படி இன்னும் சில காலம் தங்கிப் படிக்க வேண்டும். ஷ்மோலர் சிபாரிசு செய்தும் விதி தளரவில்லை. ஸ்லேட்டர் நிதியும் மேற்கொண்டு பணம் தர மறுத்துவிட்டது. 1894-ல் பட்டமின்றிக் கப்பலேறினார்.

மறு வருஷம் ஹார்வர்டு டாக்டர் பட்டம் தந்தது. அங்கே அதைப் பெற்ற முதல் கறுப்பர் அவர்தான். ஆனாலும் அவருக்குக் கிடைத்த உத்தியோகம் ஒரு சிறு கல்லூரியில் லத்தீனும் கிரேக்கமும் ஜெர்மனும் சொல்லிக் கொடுப்பது! பிற்பாடு பிலடெல்பியாவில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கறுப்பர் வாழ்க்கையை விசாரித்து, 1899-ல் புத்தகமாக வெளியிட்டார். ஷ்மோலர் காட்டிய வழி வீண் போகவில்லை.

1958-ல் பெர்லின் சர்வகலாசாலை அவரை அழைத்துப் பொருளாதாரத்தில் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதற்குள் இரண்டு உலக யுத்தங்கள் வந்து போய்விட்டன. சர்வகலாசாலையின் பெயர்கூட மாறிவிட்டது. இருபத்தாறு வயதில் வெறுங்கையோடு திரும்பியவர், தொண்ணூறு வயதில் அதை வாங்கிக்கொண்டார்.