கட்டளையும் மனச்சாட்சியும்

1961ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில், அடொல்வ் ஐக்மன் மீதான வழக்கு ஜெருசலேம் நகரிலே தொடங்கிற்று. இலட்சக்கணக்கான யூதரை மரண முகாம்களுக்கு அனுப்பும் பணியை நடத்தியவன் அவன். தான் செய்ததெல்லாம் மேலிடத்துக் கட்டளைக்குப் பணிந்ததே என்பது அவன் வாதம். அவ்வாண்டிலேயே, ஐக்கிய அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் இளம் உளவியலாளரான ஸ்ரான்லி மில்கிராம், கட்டளையானது சாதாரண மனிதரை எவ்வளவு தூரம் இட்டுச்செல்லும் என அளந்தறிய முற்பட்டார்.

ஞாபகசக்தி பற்றிய ஆய்வு என விளம்பரஞ் செய்து, நாலரை டொலர் சன்மானத்துக்கு 40 ஆடவரை அவர் வரவழைத்தார். தபாற்கந்தோர் எழுதுவினைஞர், ஆசிரியர், தொழிலாளர் எனப் பலதரத்தினரும் அவர்களுள் இருந்தனர். அடுத்த அறையிலிருந்த ‘மாணவர்’ விடை தவறுந்தோறும் மின்னதிர்ச்சி கொடுப்பதே அவர்களுக்கு இடப்பட்ட பணி. அதிர்ச்சி 15 வோல்ற்றிலே தொடங்கி 450 வரை ஏறும். உண்மையில் அம்மாணவர்மீது மின்சாரம் பாயவில்லை. அவர் நடிப்பதற்கென அமர்த்தப்பட்டவர். 300 வோல்ற்றை எட்டியதும் அவர் சுவரை ஓங்கித் தட்டினார். சற்றுப் பின்னர் அரவம் அடங்கிற்று. ஆய்வாளரோ, பரீட்சை தொடரவேண்டும் என அமைதியாகப் பணித்துக்கொண்டிருந்தார்.

நூற்றுக்கு மூவருக்கு மேல் இறுதிவரை செல்லார் என்பதே, முன்னர் வினவப்பட்ட யேல் மாணவர்களின் கணிப்பு. சென்றவரோ 40 பேரில் 26 பேர். அவர்கள் கல்நெஞ்சரல்லர். பலர் வியர்த்தனர், நடுங்கினர், நாத் தடுமாறினர். நெஞ்சு மறுக்கவும் கை பணிந்தது.

மில்கிராம் நிலைமைகளை மாற்றியும் ஆராய்ந்தார். ஆய்வாளர் அறையை விட்டு நீங்கித் தொலைபேசியில் ஆணையிட்டபோது, இறுதிவரை சென்றோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராகக் குறைந்தனர். உடனிருந்த இருவர் ஒருவர்பின் ஒருவராக மறுத்து விலகியபோது, 40 பேரில் நால்வரே இறுதிவரை சென்றனர்.

1963இல் வெளியான இவ்வாய்வு கண்டனத்துக்குத் தப்பவில்லை. நம்பி வந்தவரை ஏமாற்றி மனம் வருந்தச் செய்தல் தகுமா என அறிஞர் வினவினர். பங்குபற்றியோரிற் பலர் மின்னதிர்ச்சியை ஐயுற்றிருந்தனர் எனப் பின்வந்தோர் ஆவணங்கொண்டு காட்டினர்.

எனினும், ஐக்மனின் வாதத்துக்கு இவ்வாய்வு துணைநிற்கவில்லை. முதற் பரீட்சையிலேயே 14 பேர் மறுத்து நின்றனர். கட்டளையின் வலிமை, அதற்கு எதிர்ச்சொல் எழாதவரையிலேயே பெரிது. முதலில் மறுப்பவன் தன்னை மாத்திரம் காப்பவனல்லன். அருகிலிருப்பவனின் மனச்சாட்சிக்கும் வாய் திறந்துவிடுகிறான்.