தேறல்

தெள், தெளி, தேறு எல்லாம் ஒரே வேரில் பிறந்தவை. புளித்த மதுவில் மண்டி அடியில் படிய, மேலே தெளிந்து நிற்பது தேறல். கள், நறவு, மட்டு என்று மதுவுக்குப் பல பெயர் இருந்தும், கடல் கடந்து வந்த யவன மதுவை நக்கீரர் புறநானூற்று 56-ஆம் பாட்டில் தேறல் என்றே குறிக்கிறார். எவ்வளவு பொருத்தமான தேர்வு! அந்த மது வந்த இரட்டைக் கைப்பிடிச் சாடிகளின் ஓடுகள் 1945-இல் அரிக்கமேட்டு அகழாய்வில் கிடைத்தன.

மண்டியை உடனே பிரிக்காமல் தெளியவிடும் மதுவும் உண்டு. பிரான்ஸில் லுவார் ஆற்று முகத்துவாரப் பக்கம் அதிகம் பேசப்படாத வெள்ளை ஒயின் ஒன்று உண்டு: மஸ்கடே. அதன் பேர்பெற்ற வகையைக் குளிர்காலம் முழுக்க மண்டியோடே வைத்திருந்து, பிறகுதான் புட்டியில் இறக்குகிறார்கள். இறந்த ஈஸ்ட் படிந்த அந்த மண்டிதான் அதற்குச் செறிவு தருகிறது. தெளியும், ஆனால் அவசரமில்லாமல்.

தேறலின் வேர் நம் பேச்சு வழக்கிலும் உண்டு: ஏற்காட்டு அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டி வட்டாரத்தில், கொங்கு வழக்கில், பதநீர் ‘தெளுவு’. தெளிவு என்பதன் திரிபு. பனையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவதால் பாளைச்சாறு புளிப்பதில்லை. விடியலில் இறக்கி வடிகட்டினால் இனிப்பாகவே இருக்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் அதே சாறு கள்.