கலைப்பள்ளியிலிருந்து தங்கவயல் வரை: மாணவர்க்கு ஒளிப்படம் கற்பித்த வரலாறு

உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு ஒளிப்படக் கலையையும் கணினிவழிக் கலையையும் கற்பித்தல் இன்றைய புதுமையாகவே பேசப்படுகிறது. எனினும் தமிழகத்தில் மாணவர் கையில் படக்கருவி வந்து ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. அன்று அவர்கள் யாருக்காகப் படம் எடுக்கக் கற்றனர் என்பதையும், கோலார் தங்கவயல் போன்றதோர் ஊரில் அக்கல்வி என்ன பொருள் பெறும் என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. (புகையோடு தொடர்பே இல்லாத ஒன்றைப் 'புகைப்படம்' என வழங்குவதை விடுத்து, ஒளியால் எழுதப்படுவதை 'ஒளிப்படம்' என்றே இங்குக் குறிக்கிறோம்.)

மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தம் சொந்தப் பொறுப்பில் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். 1855இல் அரசு அதனை ஏற்றது. ஓவியம், மண்பாண்டத் தொழில், மரச்செதுக்கு ஆகியவற்றோடு ஒளிப்படமும் அங்குப் பயிற்றுவிக்கப்பட்டது. 1856இல் சென்னை ஒளிப்படக் கழகம் தோன்றியதிலும் ஹண்டருக்குப் பங்குண்டு. அதே ஆண்டில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக லின்னேயஸ் ட்ரைப் என்னும் படை அலுவலர் அமர்த்தப்பெற்றார்.

ட்ரைப்பின் பணியில் தமிழாய்வாளர் கருதத்தக்கது ஒன்றுண்டு. 1858இல் அவர் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படச்சுருளாக்கினார். ஹுல்ட்ஸ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியின் முதற்பகுதி 1891இல்தான் வெளிவந்தது. ஆக, இராசராசனின் கல்வெட்டு அச்சேறுவதற்கு ஒரு தலைமுறை முன்னரே அதன் உருவம் தாளில் பதிவாகிவிட்டது. மெழுகிட்ட தாளையே எதிர்ப்படிவமாகக் கொண்ட அக்காலத்தில் ஒவ்வொரு பகுதியும் அளவு பிசகாமல் அடுத்ததனோடு பொருந்த வேண்டும்; வெயிலில் வைத்து ஒவ்வொன்றாகப் படியெடுக்கவும் வேண்டும். இது தனியொருவர் உழைப்பன்று. கலைப்பள்ளியில் பயின்ற சி. ஐயாசாமி என்பவர் ட்ரைப்பின் உதவியாளராக இருந்தார் என அறிகிறோம். படங்களோ ட்ரைப்பின் பெயரிலேயே நிலைபெற்றன. செலவு மிகுந்த ஆடம்பரம் எனக் கருதி, ஆளுநர் திரெவெலியன் காலத்தில் அரசு இப்பணியை நிறுத்திவிட்டது.

இவ்வரலாற்றில் இருவகை இழப்பு தெரிகிறது. கற்ற மாணவரின் பெயர் பெரிதும் மறைந்தது. எதைப் படமெடுப்பது என்பதை முடிவு செய்யும் உரிமையும் அவர்க்கு இல்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் ஆங்கிலப் படத்தொகை, மனிதரைச் சாதி மாதிரிகளாக வகைப்படுத்தியதையும் இங்கு நினைவுகூரலாம். படக்கருவி அன்று ஆள்வோரின் கண்ணாகவே இயங்கியது.

கோலார் தங்கவயலில் இதனை வேறொரு கோணத்தில் காண்கிறோம். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் நடத்திய சுரங்கங்களுக்கு வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து தமிழர் திரளாகச் சென்றனர். பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். எழுத்தால் தம்மைப் பதிவு செய்துகொள்ள அவர்கள் தயங்கவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழ் அவர் மறைவுக்குப் பின் 1926இல் அப்பாதுரையார் முயற்சியால் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. பிறர் தம்மைப் பதிவு செய்ய முற்பட்டபோது எதிர்க்கவும் செய்தனர்: 1930இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. தன் உடலின் அடையாளம் தன் இசைவின்றிப் பிறர் கோப்பில் சேர்வதை ஏற்க மறுத்த இச்செயலை, ஒளிப்பட வரலாற்றோடு இணைத்து நோக்குதல் தகும் என்பது எம் கருத்து.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம்வரை இறங்கிய சாம்பியன் சுரங்கத்தில் உழைத்தவர்கள் இன்று முதியோர், பலர் மறைந்தனர். இவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத் தங்கவயல் பள்ளியொன்றில் ஒளிப்படம் கற்பிப்பதாயின் பாடம் அழகியலில் தொடங்க வேண்டியதில்லை. வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய நிலையப் படத்தை நிழல் விழாமல் மறுபடம் எடுத்தல், தாத்தாவின் விளக்கையும் தொப்பியையும் பக்கவாட்டு ஒளியில் பதிதல், சயனைடு மண்மேட்டை ஒரே இடத்திலிருந்து வெவ்வேறு பருவங்களில் எடுத்தல் ஆகியவை அங்குள்ள மாணவர்க்கு மட்டுமே கைவரும் பயிற்சிகள்.

டிஜிட்டல் கோப்பு எடுத்த நாள், நேரம், கருவியின் வகை ஆகியவற்றைத் தானே குறித்துக்கொள்கிறது. படத்தில் உள்ளவர் யார், அந்த லைன் வீட்டுக்கு ஊரார் இட்ட பெயர் என்ன, எடுக்க அவர் இசைந்தாரா என்பவற்றை அது அறியாது. அவற்றை மாணவரே தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும். கணினியில் நிறமும் உருவும் மாற்றிக் கலைப்படைப்பு ஆக்கும்போது மூலக்கோப்பைத் தொடாமல் தனியே வைத்துப் படியில் மட்டுமே மாற்றம் செய்யப் பழக்குவதும் இன்றியமையாதது. கல்வெட்டுப் படியில் திருத்தம் செய்வோர் மூலத்தை அழிப்பதில்லை அல்லவா? இரண்டு கோப்புகளிலும் எடுத்த மாணவரின் பெயர் இருக்க வேண்டும். 1858இன் தஞ்சைப் படச்சுருளில் இல்லாதது அதுதான்.