ஒரு மெஷின், பல வேலை

போடியில் ஒரு பட்டறையில் ஜன்னல் சட்டம் அறுக்கக் கொடுத்திருந்தேன். இழைப்பும் ரம்பமும் ஒன்றாயுள்ள காம்பினேஷன் மெஷின். அறுத்த பக்கமெல்லாம் கருகியது; ஒரு சட்டம் பின்னோக்கித் துள்ளி, வேலை பார்த்த பையனின் விலாவை உரசிப் போனது.

பெரிய ஆசாரி பிளேடைக் குறை சொல்லவில்லை. கரண்டை நிறுத்தி, ஒரு பல்லில் சாக்பீஸால் குறியிட்டார். அந்தப் பல்லை முன்னே நிறுத்திக் கைடு வரை அளந்தார். பிறகு பின்னே சுழற்றி அளந்தார். பின்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நெருக்கம். இழைப்புக்காக நகர்த்திய கைடை அளக்காமலே திரும்ப மாட்டியிருந்தார்கள்.

வட்ட ரம்பத்தைக் குறிப்பிடும் ஒரு காப்புரிமையை 1777இல் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் பெற்றார். பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி ஓடிய நார்மண்டிக்காரர் மார்க் புருனெல், போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் மரக்கப்பி செய்ய 1808க்குள் 45 இயந்திரங்களை அமைத்தார். 110 பேர் வேலையை 10 பேர் செய்தார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஒரே வேலை என்பதால் அளவு கலைய வாய்ப்புக் குறைவு.

நம்மூர்ப் பட்டறையில் அத்தனைக்கும் இடமும் இல்லை, பணமும் இல்லை. ஒரே மெஷின் எல்லாம் செய்கிறது. ஆகவே வேலை மாறும்போதெல்லாம் அளந்து பார்ப்பது ஆளின் பொறுப்பு. அந்தப் பையன் இப்போது அளக்காமல் சுவிட்சைத் தொடுவதில்லை.